பொண்ணுங்க யாரும் வரலையே

“பொண்ணுங்க பேரே குடுக்கிறதில்ல மிஸ். ஆளே இல்லாம எப்பிடிப் பிரிவு வைக்கிறது?”

உடற்கட்டழகர் போட்டி நடத்துகிற ஒருவர் என்னிடம் சொன்னது. ஏளனமாகச் சொல்லவில்லை. ஆண்களுக்கு எடைவாரியாக வரிசையாகப் பிரிவு வைத்திருக்கிறீர்கள், பெண்களுக்கு ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன். தான் கண்டதைச் சொன்னார். கொழும்பில் ஜிம் நடத்துகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பெண்களுக்கென்று ஒரு பிரிவு அறிவிப்பார்கள். இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஐம்பது கிலோக்காரியையும் அறுபத்தைந்து கிலோக்காரியையும் ஒரே வரிசையில் நிறுத்தி, வந்த எல்லோருக்கும் பதக்கம் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த வருடம் நோட்டீஸில் அந்தப் பிரிவு இருக்காது.

நான் தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்தெடுத்த காசில் படித்தவள். பாரம் தூக்கிப் பயிற்சி செய்வது எனக்கு உயிர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. பெண்கள் ஏன் மேடைக்கு வருவதில்லை என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஜிம் வாசலில் நின்று கேட்கிறார்கள். லயத்து வாசலில் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்கிற காரணம் வெட்கம். உடுப்பு, ஊர்ப் பேச்சு, கல்யாணம். அதெல்லாம் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வெட்கத்துக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாப்பாடு.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மலையைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்று சொல்வார்கள். சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது ரயில் ஜன்னலில் இருந்து கொழுந்தெடுக்கிற பெண்களைப் படம் எடுத்துக்கொண்டே, “இவங்களுக்கு எதுக்கு ஜிம்? என்ன உடம்பு பாருங்க, என்ன பலம்!” என்பார்கள். பாராட்டுத்தான். கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு எரியும்.

அம்மா விடியற்காலை நாலரைக்கு எழும்புவார். தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, எங்களைக் கிளப்பிவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடுவார். பிறகு மலை. படங்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றபடி நாள் முழுக்கக் கை ஓயாத வேலை. நிறுவைக்குப் பதினைந்து, இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து ஏறி இறங்க வேண்டும். பின்னேரம் விறகு, சமையல், துணி. நிமிர்ந்து படுக்கப் பத்து மணியாகும். இதில் பலம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் இந்த வேலை உடம்பைக் கட்டுகிறதா என்றால் இல்லை, கரைக்கிறது.

உடற்கல்வி படித்தபோதுதான் இதற்கான காரணம் எனக்குப் பிடிபட்டது. தசை வளர மூன்று காரியம் நடக்க வேண்டும். தூக்குகிற பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். தூக்கிய பிறகு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வில் தசையைக் கட்டப் புரதம் வேண்டும். தோட்ட வேலையில் பாரம் இருக்கிறது, ஆனால் இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் அதே கூடை, அதே சரிவு. ஓய்வு இல்லை. புரதம் தட்டில் இல்லை. தசை என்பது உடம்பு போடுகிற சீட்டுக்காசு மாதிரி. அன்றாடச் செலவு போக மிஞ்சினால்தான் சேரும். மிஞ்சாத உடம்பில் முழங்கால் வலியும் இடுப்பு வலியும்தான் சேர்கின்றன.

கணக்கு சொல்கிறேன். தசை வளர்க்கப் பயிற்சி செய்கிற ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற அளவு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 80 கிராம். இனி எங்கள் தட்டுக்கு வாருங்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். நூறு கிராம் மாவில் பத்து கிராம் புரதம். மத்தியானம் அதே ரொட்டி, அல்லது சோறும் பருப்பும். நூறு கிராம் மைசூர்ப் பருப்பில் 24 கிராம் இருக்கிறதுதான், ஆனால் அந்த நூறு கிராமில் கறி வைத்து ஐந்து பேர் சாப்பிடுகிறோம். இராத்திரிக்குச் சோறும் ஒரு கறியும். இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணி. முட்டை ஒன்றில் 6 கிராம். அந்த முட்டையை வீட்டில் பொரித்தால் முதலில் அப்பா தட்டுக்கு, பிறகு தம்பி தட்டுக்கு, மிஞ்சினால் பெண் பிள்ளைக்கு. அம்மா தட்டுக்கு அது வந்து நான் பார்த்த ஞாபகம் குறைவு. எல்லாம் கூட்டினாலும் தேவையில் பாதிக்கு வருமா என்பதே சந்தேகம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2016இல் நாடு முழுக்க எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் 17.3 வீதம். பெருந்தோட்டப் பகுதியில் 31.7 வீதம். மூன்று பிள்ளையில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் அளந்த வயதுப் பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்புகளில் வரிசையாக நிற்கிறார்கள். உயரம் பாயச் சொன்னால் பாய்கிறார்கள், ஓடச் சொன்னால் ஓடுகிறார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். போட்டி நடத்துகிறவர் பெண்கள் வரவில்லையே என்றபோது எனக்குக் கண்முன் வந்தது அந்தக் குனிந்த தலைதான்.

நாட்சம்பளத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2021இல்தான் அது ஆயிரம் ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. இடையில் 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியது. ஜிம்காரர்கள் குடிக்கிற வெளிநாட்டுப் புரதப் பவுடர் விலை அதோடு எகிறிவிட்டது. 2023இல் முட்டைக்கே இந்தியாவிலிருந்து கப்பல் வர வேண்டிய நிலைமை. இந்த நாட்டில் உடற்கட்டு விளையாட்டு முழுக்கவே காசுள்ளவன் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதில் முதலில் வெளியே விழுகிறவள் பெண். பெண்களிலும் முதலில் விழுகிறவள் தோட்டத்துப் பெண்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். சங்கீதா. தமிழ்நாட்டில் வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலையில் தினக்கூலி வேலை செய்துவந்தவர். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். 2022இல் தஞ்சாவூரில் நடந்த தென்னிந்திய அளவிலான உடற்கட்டுப் போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. செய்தியைப் பார்த்த அன்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோள், புஜம், தொடை எல்லாம் கூலிக்காசில் செதுக்கிய உடம்பு. தோல் பதனிடும் வேலையும் கொழுந்தெடுக்கும் வேலையும் ஒன்றில்லை, ஆனாலும் தினக்கூலி என்பது எங்கேயும் தினக்கூலிதான்.

“பாத்தீங்களா, மனசு இருந்தா முடியும்” என்று இந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் சொன்னார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. சங்கீதாவின் மனவுறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் வென்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தஞ்சாவூரில் பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தது. அவரை உள்ளே விட்ட ஒரு ஜிம் இருந்தது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் அதே மனவுறுதியோடு அவர் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குப் போயிருப்பார், நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. இப்படித் தெரியாமல் போன பெண்கள் மட்டக்கலையிலும் ஹோலிரூட்டிலும் லிந்துலையிலும் எத்தனை பேர் என்று நான் யோசிக்கிறேன். ஒரு பெண் எல்லாத் தடையையும் தாண்டிவிட்டாள் என்பதற்காக மற்ற எல்லோரும் தாண்டட்டும் என்று தடையை அப்படியே விட்டுவைப்பது நியாயமே இல்லை.

வழி திறந்திருந்தால் என்ன வித்தியாசம் என்பது ஆண்களைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். 2018இல் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த உலகப் போட்டியில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர் லூசியன் புஷ்பராஜ். அவர் பெயரைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். படத்தை அறைச் சுவரில் ஒட்டுவார்கள். டவுனில் ஜிம் திறந்தால் கைக்காசில் மாதப் பணம் கட்டிச் சேருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ள அப்படி ஒரு படம் இல்லை.

சரி, இனி வெட்கத்துக்கு வருகிறேன்.

பாடசாலை விட்ட பிறகு பெண் பிள்ளைகளுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை நின்றுவிட்டது. தோள் அகலம், நல்ல கால். பாரத்தைக் கையில் கொடுத்தால் சொல்லித்தராமலே முதுகை நேராக வைத்துத் தூக்குவாள். ஏன் நின்றாள் என்று விசாரிக்க லயத்துக்குப் போனேன். அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். புள்ளைக்குக் கையெல்லாம் ஆம்பள கை மாரி ஆயிருமாமே? நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போக வேணாமா?”

“யாரு சொன்னாக்கா?”

“எல்லாருந்தான் சொல்லுறாங்க. ஓடுறது பாயுறதுன்னா பரவால்ல. இது வேணாம் டீச்சர்.”

அந்த அக்காவின் கையைப் பார்த்தேன். கொழுந்தெடுத்துக் கறை ஏறிய, நரம்பு புடைத்த கை. முப்பது வருட வேலையின் கை. அதை யாரும் ஆம்பளைக் கை என்று சொன்னதில்லை, ஏனென்றால் அது தோட்டத்துக்கு உழைக்கிற கை. மகள் தனக்காகப் பலம் சேர்த்தால்தான் அது ஆம்பளைக் கை. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நீங்க சொல்லுறது சரிதான் டீச்சர்” என்றார். பிள்ளையை மறுபடி அனுப்பவில்லை.

அந்தப் பயத்துக்கு உடம்பியலில் ஆதாரம் இல்லை. ஆண் உடம்பில் தசையைப் பெருக்குகிற டெஸ்டஸ்டிரோன் என்ற சுரப்பு பெண்ணுக்கும் உண்டு, ஆனால் ஆணோடு ஒப்பிட்டால் அளவு மிக மிகக் குறைவு. பதினைந்தில் ஒரு பங்கு என்றுகூடச் சொல்லலாம். பயிற்சி செய்தால் பெண்ணின் தசையும் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிற அளவிலிருந்து ஆணுக்கு வளர்கிற அதே விகிதத்தில்தான் வளரும். ஆரம்பம் சிறியது, அதனால் முடிவும் சிறியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கினால் யாருக்கும் மீசை வராது. எலும்பு உறுதியாகும். பின்னாளில் முழங்கால் தாங்கும். இணையத்தில் பார்த்துப் பயப்படுகிற அந்தப் பெருத்த உடம்புகளுக்குப் பல வருட முழுநேர உழைப்பும், பலரிடத்தில் மருந்தும் சேர்ந்திருக்கிறது.

உடுப்பு விசயம் இதைவிடக் கடினம். மேடையில் தசையைக் காட்டத்தான் வேண்டும், அது இந்த விளையாட்டின் அடிப்படை. ஆனால் இரண்டு துண்டு உடுப்பில் நிற்கிற ஒரு பிள்ளையின் படத்தை யாரோ போனில் எடுத்துத் தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பிறகு என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். போட்டி ஒரு நாளில் முடியும், படம் முடியாது. பிள்ளைகள் கோழைகள் என்று இதற்குப் பொருள் இல்லை. தங்கள் ஊரை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கேரளாவில் மஜீசியா பானு என்று ஒருவர், அப்போது பல் மருத்துவ மாணவி, கோழிக்கோட்டுப் பக்கத்துக்காரர், 2018இல் கொச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் ஹிஜாப் அணிந்தே மேடையேறிப் பெண்கள் பிரிவில் வென்றார். தலையையும் உடம்பையும் மூடிய ஒரு பெண்ணுக்கு நடுவர்கள் புள்ளி போட முடிந்தது. மனம் வைத்தால் உடுப்பில் இடம் உண்டு என்று காட்ட அந்த ஒரு போட்டி போதும்.

உடுப்பைப் பற்றிப் பேசும்போதே தோலின் நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். உடற்கட்டு மேடையில் வெளிச்சத்துக்குத் தசையின் வெட்டு தெரிவதற்காகப் போட்டியாளர்கள் உடம்பு முழுக்கக் கருஞ்சாயம் பூசிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரிகள் கறுப்பாகி வந்து நிற்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ வெயிலில் விளையாடினால் கறுத்துப்போவோம் என்று மைதானத்துக்கு வராமல் ஒளிகிறார்கள், டவுன் கடையில் வாங்கிய வெள்ளைக் கிரீமைப் பூசிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். உன் நிறத்தை விலை கொடுத்துப் பூசிக்கொள்கிற ஒரு மேடை உலகத்தில் இருக்கிறதென்று ஒரு வகுப்பில் சொன்னேன். நம்பவில்லை, போனில் காட்டச் சொன்னார்கள். காட்டியபோது அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெட்கம், ஊர்ப் பேச்சு, பிற்போக்கு என்று எல்லாப் பழியையும் நம் ஊர்மேல் போடுவதும் சரியில்லை. முன்னேறியது என்று நாம் நினைக்கிற ஊர்களிலேயே இந்த விளையாட்டு பெண்களை எப்படி நடத்தியது என்று பாருங்கள்.

பெண்களுக்கென்று முறையான உலகப் போட்டி 1979இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது, லிசா லயன் வென்றார். அடுத்த வருடம் பிலடெல்பியாவில் முதல் மிஸ் ஒலிம்பியா, ரேச்சல் மெக்லிஷ் வென்றார். அப்போதே ஒரு சண்டை தொடங்கிவிட்டது: எவ்வளவு தசை இருந்தால் அது அதிகம்? அவுஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் என்று ஒருவர் வந்தார். பாரம் தூக்குவதில் உலகச் சம்பியன். 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த போட்டியில் அந்த மேடையில் நின்ற எல்லோரையும்விட அவருக்குத் தசை அதிகம். எட்டாவது இடம் கொடுத்தார்கள். அந்தப் போட்டியை வைத்து எடுத்து 1985இல் வெளியான ஆவணப்படத்தில், பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவது அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆண்களின் போட்டியில் ஒருவனைத் தசை கூடிப்போனதற்காகக் கீழே தள்ளியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பெவ் அதற்காக விட்டுப் போகவில்லை. உடம்பை அவர்கள் கேட்டபடி மாற்றிப் பார்த்தார், பிறகு தன் விருப்பப்படி மறுபடி கட்டினார். 1991 மிஸ் ஒலிம்பியாவில் இரண்டாவதாக வந்துவிட்டு விலகினார்.

2004 டிசம்பரில் சர்வதேச உடற்கட்டுச் சம்மேளனம் பெண் போட்டியாளர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: தசையின் அளவை 20 வீதம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியை முதன்முதல் படித்தபோது நான் நம்பவில்லை. ஓட்டப்பந்தயக்காரியிடம் 20 வீதம் மெதுவாக ஓடு என்று யாராவது சொல்வார்களா?

இதற்கிடையில் ஃபிட்னஸ், ஃபிகர், பிகினி என்று தசை குறைந்த பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிகினி ஒலிம்பியா 2010இல் தொடங்கியது. அந்தப் பெண்களும் கடுமையாக உழைக்கிறவர்கள்தான், அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரமும் காசும் அந்தப் பக்கம் போனது. அமெரிக்காவின் ஒகையோவில் நடந்துவந்த மிஸ் இண்டர்நேஷனல் உடற்கட்டுப் போட்டி 2013உடன் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தில் ஆண்களுக்கு இன்னொரு எடைப் பிரிவு வைத்தார்கள். 2014இல் ஐரிஸ் கைல் பத்தாவது தடவை மிஸ் ஒலிம்பியா வென்றார். அதோடு மிஸ் ஒலிம்பியாவே நின்றுபோனது. அதற்கும் இதே பேச்சுத்தான்: ஆர்வம் இல்லை, ஆள் இல்லை, பார்க்க வருகிறவர் இல்லை.

ஆள் உண்மையிலேயே இல்லையா? அடுத்த வருடமே வேறொரு குழுவினர் ரைசிங் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் பெண்களுக்கென்றே ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். பெண்கள் வந்தார்கள். வருடாவருடம் வந்தார்கள். 2020இல் மிஸ் ஒலிம்பியாவையும் திரும்ப வைத்தார்கள், ஆண்ட்ரியா ஷா வென்றார். மேடை போட்டால் ஆள் வருகிறது, மேடையை எடுத்தால் ஆள் போகிறது. இந்த நாற்பது வருடக் கதையைப் படிக்கிற எவருக்கும் எது முதலில் நடக்கிறது என்பது தெரியும். காசையும் சொல்ல வேண்டும்: 2022இல் ஆண்களின் ஒலிம்பியா முதல் பரிசு நான்கு இலட்சம் டொலர், பெண்களுக்கு ஐம்பதாயிரம்.

அங்கேயே இந்த நிலை என்றால், பெயர் கொடுக்க வந்தவர்கள் மூன்று பேர்தான் என்று அடுத்த வருடம் நம் ஊர் நோட்டீஸில் பெண்கள் பிரிவை எடுத்துவிடுவது எவ்வளவு சுலபம்!

ஒன்றை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் பிள்ளைகளை மேடைக்குத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைப்பீர்கள். பாடசாலைப் பிள்ளையைப் போட்டி மேடைக்குத் தயார்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். மேடைக்காக உடம்புக் கொழுப்பை அடியோடு குறைப்பார்கள். அந்தக் கட்டத்தில் மாதவிடாய் நின்றுபோவது சாதாரணம். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, வயது வந்த பெண்ணுக்கே அது பாரதூரமானது. இரத்தத்தில் இரும்புச்சத்தே போதாத பிள்ளையைப் பட்டினி போட்டு மேடையேற்றினால் அது கொடுமை. மருந்தும் அப்படித்தான். ஊசி போட்டுத் தடித்த குரல் மறுபடி பழைய குரலாகாது. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இருக்கிறது, சோதனை செய்கிறது. ஆனால் டவுன் ஜிம்மில் யாரோ ஒரு அண்ணன் “இதப் போட்டா சீக்கிரம் வரும் தங்கச்சி” என்று நீட்டுகிற இடத்துக்கு எந்தச் சட்டமும் வராது. அங்கே பிள்ளைக்கு அறிவுதான் துணை.

அதனால் நான் கேட்பது முதலில் பலம், பிறகுதான் மேடை. பலத்துக்கு வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. பாடசாலை விளையாட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பளுதூக்கல் இருக்கிறது. வடக்கில் சாவகச்சேரியிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் அதில் தேசிய மட்டம் வரை போகிறார்கள். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் தினுஷா கோமஸ் இலங்கைக்கு வெண்கலம் கொண்டுவந்தார். நாற்பத்தெட்டு கிலோ! எங்கள் மலையில் அந்த எடையில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். உயரம் குறைந்த, கால் உறுதியான, சரிவில் நடந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எது? இந்தியாவில் பெண்கள் உடற்கட்டில் மணிப்பூர்ப் பெண்கள் முன்னால் நிற்பதும் எனக்கு ஆச்சரியம் இல்லை. குஞ்சராணி தேவி, மீராபாய் சானு என்று பாரம் தூக்குகிற பெண்ணைப் பார்த்துப் பழகிய ஊர் அது.

ஆனால் ஒரு சிக்கல். உடற்கட்டுக்கு ஏற்ற வயது பதினெட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் பிள்ளைகளோ ஓ.எல். எழுதிவிட்டு, சிலர் ஏ.எல். எழுதிவிட்டு, கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். கார்மென்ட்ஸ், துணிக்கடை, வீட்டு வேலை. பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு, எட்டுப் பேர் தங்குகிற அறைக்குத் திரும்புகிற பெண்ணிடம் ஜிம்முக்குப் போ என்று எந்த வாயால் சொல்வது? ஊரில் தங்குகிறவளுக்கு வேறு கஷ்டம். ஜிம்கள் உயிர்பெறுவதே ஆறு மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் அங்கே ஆண்கள் கூட்டம், தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸும் போய்விடும். முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கிற காசு மாதப் பணத்தைவிடக் கூடும். பின்னேரம் இரண்டிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு மட்டும் என்று ஒரு ஜிம் கதவு திறந்தால் போதும். அந்த நேரத்தில் எப்படியும் உள்ளே ஆள் இருப்பதில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியம் இல்லை. பெண்கள் பிரிவு உண்டு என்று ஒரு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கள், ஒரு உடம்பைத் தயார்படுத்த அவ்வளவு காலம் வேண்டும். இரண்டே பேர் வந்தாலும் பிரிவை எடுக்காதீர்கள். ஐந்து வருடம் வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம். எடையைக் கலக்காதீர்கள். உடம்பை மூடிய உடுப்பிலும் நிற்கலாம் என்று நோட்டீஸிலேயே போடுங்கள், கேட்டால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெண்கள் மேடையில் நிற்கும்போது பார்வையாளர் போன் வெளியே வரக்கூடாது என்று அறிவியுங்கள். மலையிலிருந்து வருகிற பிள்ளைக்கும் கூட வருகிற அம்மாவுக்கும் ரயில் காசும் ஒரு நேரச் சாப்பாடும் கொடுங்கள். ஆண்களின் வெற்றிக் கிண்ணத்தை ஓர் அடி சிறிதாக்கினால் அந்தக் காசு வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு நான் கண்ட வழி சோயாமீட். தொண்ணூறு கிராம் பாக்கெட் ஒன்றில் நாற்பது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, எந்தப் பவுடரும் அந்த விலைக்கு வராது. பருப்பு, நெத்தலிக் கருவாடு, கௌபி, கடலை. எது எவ்வளவு என்று அம்மாமாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன் அக்கா என்றபோது ஒரு அம்மா அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பயிற்சி இந்தத் தவணையும் தொடர்கிறது. செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு, ஒன்றரைக்கு. மணல் நிரப்பிய சாக்கும், இரும்புக் குழாயும், இரண்டு கனத்த தட்டுகளும் இருக்கின்றன. ஏ.எல். முடித்து வீட்டில் இருக்கிற அக்காமாரும் வரலாம், கொழுந்துக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலையில் வரலாம். சப்பாத்து இல்லாவிட்டால் வெறுங்காலோடு தூக்கலாம், பாரம் தூக்க அது நல்லதும்கூட. சாப்பிடாமல் மட்டும் வர வேண்டாம்.